அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதியவர்களுக்கு வரும் மனக்குழப்பமும் தூக்க மருந்துகளும்: உடனிருப்பவர் செய்ய வேண்டியவை

வீட்டில் உள்ள முதியவர் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றால், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் எடுத்து வைப்பதற்கு முன்னால் அவருடைய மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள். டப்பாவோடு நிறுத்திவிடக் கூடாது. தலையணை அடி, பூஜை அலமாரி, பயணப் பை, பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பை என எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் அம்மா 76 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாள் இரத்தம் ஏற்றினார்கள். ஒவ்வாமை வராமல் இருக்க முன்கூட்டியே ஏவில் ஊசி போட்டார்கள். அன்று இரவு இரண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, கையில் குத்தியிருந்த ஊசிக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "கதவைத் தெறடி, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார். எங்கள் வீட்டில் மாடு இல்லாமல் போய் முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் பதறிப்போய்ச் செவிலியரிடம் ஓடி, ஏதாவது ஊசி போட்டுத் தூங்க வையுங்கள் என்று கெஞ்சினேன். ஊசி போட்டார்கள். அடுத்த நாள் முழுவதும் கண் திறக்காமல் கிடந்தவர், அன்றிரவு முன்னைவிட மோசமாகப் பேசத் தொடங்கினார். மூன்றாம் நாள் காலையில் துணிகளை மடித்து வைக்கும்போது சுருக்குப் பையில் வெற்றிலைக் காம்புகளுக்கு நடுவே ஓர் அல்பிரசோலம் அட்டை கிடைத்தது. "தூக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை" என்று ஆறு ஆண்டுகளாக, பழைய சீட்டைக் காட்டி வாங்கி, இரவுதோறும் பாதி விழுங்கி வந்திருக்கிறார். மருத்துவமனையில் கேட்டபோது பிரஷர் மாத்திரையைச் சொன்னார், சர்க்கரை மாத்திரையைச் சொன்னார். இது அவர் கணக்கில் மருந்தே இல்லை.

ஒரே வாரத்தில் இரண்டு தவறுகள் நடந்துவிட்டன. பழகிப்போன தூக்க மாத்திரை திடீரென நின்றது. அதனால் வந்த குழப்பத்தை, காரணம் தேடாமல், வேறு தூக்க மருந்தால் அமுக்கப் பார்த்தோம்.

மருத்துவர்கள் டெலிரியம் என்று சொல்வதைத்தான் ஊரில் சன்னி கண்டுவிட்டது என்பார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் திடீரெனத் தொடங்கும். ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசுவார், அடுத்த மணி நேரம் ஆளே தெரியாது. பொழுது சாய்ந்தால் கூடும். கவனம் ஓரிடத்தில் நிற்காது என்பதே இதன் முதல் அடையாளம். இதற்கும் மறதி நோய்க்கும் வேறுபாடு உண்டு. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. ஆனால் ஏற்கெனவே மறதி நோய் உள்ளவருக்கு டெலிரியம் வரும் வாய்ப்பு மிக அதிகம்.

இன்னொரு வகைச் சிக்கல் சத்தமில்லாமல் வரும். குழப்பம் எதுவும் வெளியே தெரியாது, வீட்டுக்கும் வந்துவிடுவார். ஆனால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், கணக்குப் போடத் தடுமாறுவார், பேச்சின் நடுவில் சொல் தேடுவார், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுவார். 1955இல் பெட்ஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், மயக்க மருந்து கொடுக்கப்பட்ட முதியவர்களிடம் காணப்பட்ட இத்தகைய மாற்றங்களைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். 1998இல் அதே இதழில் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று, இதயம் தவிர்த்த பெரிய அறுவைச் சிகிச்சைகள் செய்துகொண்ட, 60 வயதைக் கடந்த 1,218 பேரைச் சோதித்தது. ஒரு வாரம் கழித்து 25.8 விழுக்காட்டினரிடமும், மூன்று மாதம் கழித்து 9.9 விழுக்காட்டினரிடமும் அறிவாற்றல் குறைந்திருந்தது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளாத ஒப்பீட்டுக் குழுவில் இந்த எண்கள் 3.4, 2.8 மட்டுமே. ஆகவே "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று தள்ளிவிடுவதும் சரியில்லை, "மயக்க மருந்து கொடுத்து மூளையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று அலறுவதும் சரியில்லை. உடல் அறுவைச் சிகிச்சையைத் தாங்கும்போது எழும் அழற்சி, வலி, தூக்கக்கேடு, தொற்று, புதிய இடம் எல்லாமே சேர்ந்துதான் இதை உண்டாக்குகின்றன. இவற்றில் நம் கைக்கு எட்டுகிற ஒன்று மருந்து என்பதால்தான் அதைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

முதியவர் உடலில் தூக்க மருந்து ஏன் இவ்வளவு ஆட்டம் போடுகிறது என்பதற்கு டயசிபாம் நல்ல எடுத்துக்காட்டு. இருபது வயது இளைஞரின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். எண்பது வயதில் அதுவே 80 மணி நேரத்தைத் தாண்டக்கூடும். வயதாக ஆகத் தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் கரையும் இம்மருந்து அங்கே போய்த் தங்கிக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே வருகிறது. கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகமும் குறைந்திருக்கும். திங்கட்கிழமை இரவு கொடுத்த மாத்திரை வியாழக்கிழமையும் வேலை செய்துகொண்டிருக்கும்போது, செவ்வாய், புதன் இரவுகளிலும் ஒவ்வொன்று கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதோடு அதே இரத்த அளவுக்கு முதியவரின் மூளை இளைஞரின் மூளையைவிட அதிகமாக மயங்குகிறது.

மாத்திரை அட்டைகளில் பிராண்டுப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். அல்பிரசோலம், டயசிபாம், லோரசிபாம், குளோனசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை நேரடித் தூக்க, பதற்ற மருந்துகள். இவற்றைவிட ஏமாற்றுபவை வேறு பெயரில் வருபவை. சளி, அரிப்பு மாத்திரைகளில் உள்ள குளோர்ஃபெனிரமின், ஏவிலில் உள்ள ஃபெனிரமின், இருமல் மருந்துகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்சிஃபெனிடில், அடிக்கடி சிறுநீர் போவதற்கான ஆக்சிபியூட்டினின், வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின் ஆகிய எல்லாம் மூளையில் அசெட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. நினைவுக்கும் கவனத்துக்கும் அந்தப் பொருள் தேவை, முதுமையில் அது ஏற்கெனவே குறைந்திருக்கும். 1991இல் மார்க் பியர்ஸ் தொடங்கிவைத்து, இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பித்து வரும், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் மேலே சொன்ன இரண்டு வகைகளும் இருக்கின்றன. நம் நாட்டில் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை 2014 முதல் எச்1 அட்டவணைக்குள் வந்துவிட்டன, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆனாலும் தெரிந்த கடைக்காரர் என்ற உரிமையில் எப்படிக் கிடைக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியலை எழுதும்போது மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை ஆண்டுகளாக, கடைசியாக எப்போது விழுங்கினார் என்ற நான்கையும் எழுதுங்கள். மது அருந்தும் பழக்கம் இருந்தால் அதையும் கூச்சப்படாமல் எழுத வேண்டும். அப்பா முன்னால் கேட்க முடியாவிட்டால் தனியே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வீட்டிலேயே எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்துவந்த தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், டெலிரியம், வலிப்பு வரை போகும். குறைப்பதானால் அறுவைச் சிகிச்சைக்குப் பல வாரங்களுக்கு முன்பே, மருத்துவர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை என்றால் அதே மருந்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்வார். அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் நம் பொறுப்பு.

அடுத்து, அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் முதியவரின் மனநிலை எப்படி இருந்தது என்பதைக் குறித்து வைக்க வேண்டும். பின்னால் "இவர் எப்போதும் இப்படித்தானா?" என்று மருத்துவர் கேட்கும்போது பதில் வேண்டும் அல்லவா? டெலிரியத்தைக் கண்டறிய எடின்பரோவில் உருவாக்கப்பட்டுப் பல நாடுகளில் பயன்படும் 4ஏடி என்ற சோதனையில் வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைக் கேட்பார்கள். மாதங்களைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லச் சொல்வார்கள். நம் பாட்டிகளில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது, டிசம்பர், நவம்பர் என்று பின்னோக்கிச் சொல்வதும் தெளிவாக இருக்கும்போதே வராது. தெரியாததைக் கேட்டுவிட்டுக் குழப்பம் என்று எழுதிவிடக் கூடாது. பங்குனி, மாசி, தை, மார்கழி என்று கேட்டுப் பாருங்கள். அல்லது சனி, வெள்ளி, வியாழன் என்று கேளுங்கள். நல்ல நிலையில் எத்தனை சொல்கிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். என் அம்மா தெளிந்த பிறகு பங்குனியிலிருந்து சித்திரை வரை மூச்சு விடாமல் சொன்னார். டெலிரியத்தின்போது தையைத் தாண்டவில்லை.

மயக்க மருத்துவரைப் பார்க்கும்போது, "முதுகில் ஊசி போட்டுச் செய்யுங்கள், முழு மயக்கம் வேண்டாம்" என்று வற்புறுத்துவோர் பலர். அதற்கான காரணங்கள் வேறு இருக்கலாம். டெலிரியத்துக்காக மட்டும் என்றால் அந்த வற்புறுத்தல் அவசியமில்லை. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இரு முறைகளிலும் ஐந்தில் ஒருவருக்கு டெலிரியம் வந்தது, வேறுபாடு இல்லை. முதுகு ஊசியோடு சேர்த்துத் தூக்க மருந்தும் கொடுப்பது வழக்கம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆகவே கேட்க வேண்டியவை வேறு. "முன்கூட்டியே பதற்றம் குறைக்க மிடசோலம் கொடுப்பீர்களா, கொடுக்காமல் முடியுமா?" என்று கேளுங்கள். "வலிக்கு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் நரம்பு மறிப்பு ஊசி போட முடியுமா, பெத்திடின் என்ற வலி மருந்தைத் தவிர்க்க முடியுமா?" என்று கேளுங்கள். "தண்ணீர் எத்தனை மணி வரை குடிக்கலாம்?" என்றும் கேளுங்கள். முந்தின இரவு பத்து மணியோடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. வேறு சிக்கல் இல்லாதவர்கள் அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை தெளிந்த நீரைப் பருகலாம் என்பதே மயக்க மருத்துவ வழிகாட்டுதல். நாக்கு வறண்டு பதினான்கு மணி நேரம் கிடக்கும் முதியவர் குழம்பாமல் என்ன செய்வார்?

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மிடசோலம் போன்றவற்றை அறுவை அரங்கில் தவிர்த்துவிட்டாலே டெலிரியம் நின்றுவிடும் என்று யாரும் உறுதி கூற முடியாது. வட அமெரிக்காவில் இதய அறுவைச் சிகிச்சைக்கு வந்த ஏறத்தாழ 20,000 பேரை வைத்து, அத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்திய காலத்தையும் தாராளமாகக் கொடுத்த காலத்தையும் ஒப்பிட்டபோது கிடைத்த வேறுபாடு மிகச் சிறியது. மயக்க மருத்துவர் ஒரு காரணத்தோடு சிறிது கொடுக்கிறார் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். வார்டில் இரவுக்கு இரவு, காரணமின்றி, உடனிருப்பவரின் வேண்டுகோளுக்காகக் கொடுக்கப்படும் தூக்க ஊசியைத்தான் நான் முதலில் தடுப்பேன்.

வார்டில் உடனிருப்பவரின் வேலை மிக எளிமையானது, ஆனால் சோர்வானது. மயக்கம் தெளிந்தவுடன் மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட் மூன்றையும் மாட்டிவிடுங்கள். தொலைந்துபோகும் என்று பயந்து வீட்டில் வைத்துவிட்டு வந்தால் அவர் பாதிக் குருடராய், பாதிச் செவிடராய் அந்நிய இடத்தில் விழிப்பார். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வர விடுங்கள். கடிகாரமும் நாட்காட்டியும் கண்ணில் படட்டும். "இன்னிக்குப் புதன்கிழமை, ஆஸ்பத்திரியில இருக்கோம், காலு ஆபரேஷன் முடிஞ்சிருச்சு" என்று பேச்சுவாக்கில் சொல்லிக்கொண்டிருங்கள், வாத்தியார் போலக் கேள்வி கேட்காதீர்கள். மருத்துவர் அனுமதித்த உடனே எழுப்பி உட்கார வைக்கவும் நடக்க வைக்கவும் வேண்டும். சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். உடனிருப்பவர் நாளுக்கொருவராக மாறினால் முதியவருக்கு எல்லா முகமும் அந்நியமாகிவிடும். பழகிய இருவர் மாறி மாறி இருப்பது நல்லது. பத்துப் பேர் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து கட்டிலைச் சூழ்ந்து நிற்பதைத் தடுக்க வேண்டிய கெட்ட பெயரையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவை வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. ஷரன் இனூய் என்ற முதியோர் மருத்துவ அறிஞரின் குழு அமெரிக்காவில் 70 வயதைக் கடந்த 852 உள்நோயாளிகளிடம் இத்தகைய ஏற்பாடுகளைச் செய்து பார்த்தது. வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கு வந்த டெலிரியம், இந்தக் கவனிப்பில் 9.9 விழுக்காட்டினருக்கே வந்தது என்று 1999இல் வெளியிட்டார்கள். அவர்கள் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் அல்ல, பொது மருத்துவ வார்டில் இருந்தவர்கள். ஆனால் அறுவை வார்டுகளும் இதே முறையைப் பின்பற்றத் தொடங்கின. தூக்கத்துக்கு அந்தக் குழு கொடுத்தது என்ன தெரியுமா? வெதுவெதுப்பான பானம் ஒரு கோப்பை, முதுகை மெல்லத் தடவிவிடுதல், மெல்லிய இசை. இரவில் விளக்கையும் பேச்சையும் குறைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள்.

எல்லாம் செய்தும் குழப்பம் வந்துவிட்டால், முதலில் செவிலியரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் "நேற்று வரை இப்படி இல்லை" என்பதுதான். "தூங்க மாட்டேங்கிறாங்க" என்று சொன்னால் தூக்க மருந்து வரும். நேற்று வரை இப்படி இல்லை என்று சொன்னால் காரணம் தேடுவார்கள். வலி இருக்கிறதா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கழித்து எத்தனை நாள் ஆயிற்று, ஆக்சிஜன், சர்க்கரை, சோடியம் சரியாக உள்ளனவா, காய்ச்சல் அல்லது தொற்று உண்டா, நேற்றிலிருந்து புதிதாக என்ன மருந்து சேர்ந்தது என்பவை பார்க்கப்பட வேண்டும். வலியை அடக்காமல் விடுவதும் டெலிரியத்தைக் கிளப்பும், ஆகவே மயக்கம் தரும் என்று பயந்து வலி மருந்தையே மறுத்துவிடக் கூடாது. கட்டிலோடு கையைக் கட்டுவது கலவரத்தைக் கூட்டும். மாடு இல்லை என்று வாதாடாதீர்கள். நான் இரண்டாம் இரவு வாதாடித் தோற்றேன், நான்காம் இரவு "தண்ணி காட்டிட்டேன்மா, படு" என்றேன், படுத்துக்கொண்டார்.

ஆர்ப்பாட்டம் செய்யாத டெலிரியமும் உண்டு, அதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கூப்பிட்டால் மெல்லக் கண் திறப்பார், உடனே மூடிக்கொள்வார், சோற்றை வாயில் வைத்துக்கொண்டு மென்று விழுங்க மறப்பார். "பாவம், அசதியில் நல்லாத் தூங்குறாங்க" என்று நாமும் மகிழ்ந்துபோய் விட்டுவிடுவோம். அவரை எழுப்பி மாதங்களைச் சொல்லச் சொல்லுங்கள். எழுப்பவே முடியவில்லை, மூச்சு மெதுவாகிறது, பேச்சு குழறுகிறது, ஒரு பக்கக் கை கால் தொய்கிறது என்றால் அடுத்த வேளை மருத்துவர் சுற்றுக்குக் காத்திருக்காமல் அப்போதே அழைக்க வேண்டும்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போனால் மருத்துவர் கலவரத்தை அடக்கும் ஹாலோபெரிடால் போன்றதை மிகக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குக் கொடுக்கலாம். பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு அது ஆகாது என்பதால் அந்நோய் இருந்தால் உடனே சொல்லுங்கள். மதுவையோ பழகிய தூக்க மாத்திரையையோ நிறுத்தியதால் வந்த குழப்பத்துக்கு மட்டும் அல்பிரசோலம், டயசிபாம் போன்ற தூக்க மருந்து வகையே சரியான சிகிச்சை. என் அம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. அந்த அட்டையைக் காட்டிய பிறகு அதே மருந்தைப் பழைய அளவில் மீண்டும் தொடங்கினார்கள், ஐந்தாம் நாள் காபி கேட்டார். பிறகு நான்கு மாதங்களில் மெல்லக் குறைத்து நிறுத்தினோம்.

வீடு திரும்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வார்டில் இரண்டு இரவுக்குத் தொடங்கிய தூக்க மாத்திரை, "தொடரவும்" என்ற ஒரு சொல்லால் ஆண்டுக்கணக்கில் ஓடுவது அரிதான சங்கதி இல்லை. டிரமடால், பிரிகாபலின் போன்ற வலி மருந்துகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். முதல் மூன்று மாதங்களுக்கு வங்கிக் கணக்கு, சொத்துப் பத்திரம், உயில் போன்றவற்றில் கையெழுத்து வாங்காதீர்கள். அவசரம் காட்டும் உறவினர்களிடம் மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் தடுமாற்றம் தெரிந்தால் முதியோர் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978லிருந்தே அப்பிரிவு இருக்கிறது. கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே தனி மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. என் அம்மா இரண்டு மாதம் வரை ஏலச் சீட்டுக் கணக்கில் தள்ளுத்தொகையைக் கழிக்க மறந்துகொண்டே இருந்தார், மூன்றாம் மாதம்தான் சீட்டு நோட்டை என் கையிலிருந்து திரும்பப் பிடுங்கினார்.

ஒருமுறை டெலிரியம் வந்தவருக்கு அடுத்த அறுவைச் சிகிச்சையிலும் வரக்கூடும் என்பதால், மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி வையுங்கள். எந்த ஆண்டு, எந்த அறுவைச் சிகிச்சை, எத்தனை நாள் நீடித்தது, எந்த மருந்து கொடுத்தபின் கூடியது என்று நான்கு வரி போதும். மறு ஆண்டு அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது மயக்க மருத்துவர் அந்த நான்கு வரியைப் படித்துவிட்டு, தூக்க ஊசி எதுவும் போடாமல் சொட்டு மருந்தில் மரக்கச் செய்து, கையைப் பிடித்துக்கொள்ள ஒரு செவிலியரைப் பக்கத்தில் நிறுத்தினார். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, இந்த மாதச் சீட்டை யார் எடுத்தார்கள் என்பதுதான்.